கையெழுத்து சேரவில்லை

அவிநாசிபாளையம்
7-7-2024

அன்புக் கண்ணு பிரியங்காவுக்கு,

உன் அப்புச்சி நல்லான் எழுதுவது. நான் சுகம். ஆடுகள் இரண்டும் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இது நானே என் கையால் எழுதும் கடிதம். நம்பு. ஐந்து நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு வரி. குடோனில் பனியன் வேஸ்ட் துணியை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, கை கழுவி, சத்துணவுக் கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் வந்து உட்காருகிறேன். அனுப்பிரியா டீச்சர் பிழையை மட்டும் திருத்தினார். வார்த்தை எல்லாம் என்னுடையது. காலேஜில் படிக்கிற பெண் எனக்கு டீச்சர். அதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். அட்டைப் பெட்டியைப் படிக்கிறேன். நேற்று டீக்கடைச் சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று படித்தேன். பத்து வருடமாக அந்த இடத்தில்தான் துப்பிக்கொண்டிருக்கிறேன்.

மாசியில் நடந்த விழாவை நீ மறந்திருக்க மாட்டாய். எழுதிப் பார்க்க ஆசையாக இருப்பதால் எழுதுகிறேன். முத்துவிளக்குச் சேவைச் சங்கம் நம் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேருக்கு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தது. கல்யாண மண்டபத்தில் வீட்டுப் பெரியவர்கள் எங்களை வரிசையாக மேடை ஏற்றினார்கள். தலைவர் தரணீதரன் மைக்கில், "அறுவத்தெட்டு வருசமாக் கைநாட்டு வெச்ச கைங்க. இன்னிக்கு மொத மொதலாக் கையெழுத்துப் போடுது. எல்லாரும் ஒருக்கா கைதட்டுங்க" என்றார். உன் மில் பாரத்தில்தான் நான் முதல் கையெழுத்தைப் போட்டேன். அப்போது எனக்கு என் பெயர் மட்டும்தான் எழுத வரும். முதல் எழுத்து யானை மாதிரி வந்தது. கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கிக் கீழே போய்விட்டது. போட்டோக்காரர், "தாத்தா, ப்ளாஷ் வுழுகலீங்க, இன்னொருக்கா போடற மாதிரி பேனாவ வெச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் போட்டோ சங்க ஆபீஸில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

தரணீதரனின் அப்பா சுப்பண்ணன் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தேன். அவர் "வாடா நல்லா" என்பார். மகன் "வாங்க நல்லான், உக்காருங்க" என்கிறார். எனக்குத்தான் உட்காரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

ஆடி நோம்பிக்கு வருவாய்தானே? ஆறு மாதம் ஆனால் மூன்று நாள் விடுவார்கள் என்று சொன்னாய். அங்கே போன் கூடாது என்பதும் நல்லதாகத்தான் போயிற்று. இல்லாவிட்டால் நான் கடிதம் எழுதியிருப்பேனா?

இப்படிக்கு,
உன் அப்புச்சி
நல்லான்


மில் விடுதி
21-7-2024

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேத்தி பிரியங்கா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் உடம்பு எப்படி, ஆடுகள் எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பக்கத்துக் கட்டில் வினிதாவுக்கும் படித்துக் காட்டினேன். டீக்கடைச் சுவர் வந்ததும் இருவரும் சிரித்தோம். வார்டன் மருதம்மாள் அக்கா வந்து என்ன சத்தம் என்று கேட்டார். இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் அவர் படித்த பிறகுதான் தருவார். அதனால் நான் தெளிவாக எழுதுகிறேன்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது. எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. காற்று வரும். வேலை பழகிவிட்டது. நூல் அறுந்தால் ஓடிப் போய் முடிய வேண்டும், அவ்வளவுதான். பஞ்சு பறப்பதால் மூக்கைக் கட்டிக்கொள்வோம். கொஞ்சம் இருமல் இருக்கிறது. எல்லோருக்கும்தான்.

ஆடி நோம்பிக்கு மூன்று நாள் விடுவார்கள். ஆனால் பாரத்தில் கையெழுத்துப் போட்டவரே நேரில் வந்து போட வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லாத எனக்கு அது நீங்கள்தான். பல்லடம் வந்து உடுமலைப்பேட்டை பஸ் ஏறுங்கள். காற்றாலைகள் ஆரம்பித்த பிறகு மூன்றாவது நிறுத்தம். சனிக்கிழமை காலையில் பையைக் கட்டி வைத்திருப்பேன்.

தங்கள் அன்புள்ள பேத்தி,
பிரியங்கா


அவிநாசிபாளையம்
5-8-2024

அன்புக் கண்ணுக்கு அப்புச்சி எழுதுவது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ அழாமல் இருக்கிறாயா?

என்ன நடந்தது என்று உனக்கு யார் சொல்லியிருப்பார்களோ தெரியாது. நானே சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்து அறையில் ஆபீஸ்காரர் சதீஷ்குமார் ஒரு தாள் கொடுத்தார். சட்டென்று கையெழுத்துப் போட்டேன். முன்பு போல நேரம் எடுக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அவர் பழைய பாரத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இது நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"அதும் நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டும் ஒருத்தரு போட்ட மாதிரி இல்லீங்களே."

"பழகிட்டனுங்க சார். அப்ப யானையா வந்துச்சு, இப்ப ஆடா வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆதார் கார்டைக் காட்டினேன். "ஆளு நீங்கதான்னு எனக்குத் தெரியுதுங்க. கையெழுத்து சேரலீங்களே. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றதுங்க?" என்றார். சரி, கைநாட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். "பாரத்துல கையெழுத்துன்னு இருக்குது. கைநாட்டு செல்லாது" என்று சொல்லிவிட்டார். மூன்று மணி வரை வெளியே நின்றேன். கூட்டம் குறைந்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன்.

நீ வருத்தப்படாதே கண்ணு. வேறொரு வகையில் பார்த்தால் இது நல்ல சேதி. என் கையெழுத்து ஆபீஸ்காரருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நன்றாகிவிட்டது. டீச்சரிடம் சொன்னேன். முதலில் அவர் சந்தோஷப்பட்டார். பிறகு என் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

வெல்லக் கச்சாயம் இருபது சுட்டு வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். வினிதாவுக்கும் கொடு.

உன் அப்புச்சி
நல்லான்


மில் விடுதி
1-9-2024

அன்புள்ள அப்புச்சிக்கு,

வணக்கம். நான் நலம். ஆடுகள் மழையில் நனையாமல் இருக்கின்றனவா?

கச்சாயம் கிடைத்தது. இரண்டும் நன்றாக இருந்தன. ஒன்றை வினிதாவுக்குக் கொடுத்தேன்.

அன்று மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து உங்களைப் பார்த்தேன். புளியமரத்தடியில் நின்றீர்கள். கை காட்டினேன். நீங்கள் மேலே பார்க்கவில்லை. பையை இன்னும் அவிழ்க்கவில்லை. தீபாவளிக்கு மறுபடி கட்டுகிற வேலை மிச்சம்.

விழாவில் போட்ட மாதிரியே போட்டால் போதும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள் அப்புச்சி.

பிரியங்கா


அவிநாசிபாளையம்
22-9-2024

அன்புக் கண்ணுக்கு,

அப்புச்சிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா என்று முதலில் எழுது.

விழாவில் போட்ட மாதிரி போடப் பழகுகிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நல்ல எழுத்துக் கற்க ஆறு மாதம் ஆயிற்று. கெட்ட எழுத்துக்கு அதைவிட அதிகம் ஆகும் போலிருக்கிறது. சங்க ஆபீஸ் போட்டோவின் முன்னால் நோட்டோடு நின்று பார்த்தேன். அதில் என் பல் தெரிகிற அளவுக்குக் கையெழுத்துத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். இடது கையால் போட்டேன். குடோனில் மூட்டை தூக்கிக் கை நடுங்கும்போது ஓடி வந்து போட்டேன். எல்லாம் ஆடாகத்தான் வருகிறது. யானை வரவில்லை.

அனுப்பிரியா டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க தாத்தா, மறுபடி ரெண்டாவது வாரத்துக்குப் போயிட்டீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே உட்கார்ந்து என் கையைப் பிடித்து ஆட்டிவிட்டார். அப்போது கொஞ்சம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தரணீதரன் யாரோ விருந்தாளிகளோடு சங்கத்தின் வகுப்பைக் காட்ட வந்துவிட்டார். நோட்டை எடுத்து அவர்களிடம் நீட்டினார். உள்ளே இருபது கோணல் கையெழுத்து. அவர் முகம் செத்துவிட்டது. "என்னங்க நல்லான், பிப்ரவரில ஆண்டு விழா வெச்சிருக்குது. மேடைல நீங்கதான் எழுதிக் காட்டோணும். இப்படி எழுதுனா நாஞ் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிருமுங்களே" என்றார். பாவம், கெட்டவர் இல்லை. அதனால் இப்போது இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்று சங்கத்துக்கு நன்றாக எழுத. ஒன்று மில்லுக்கு மோசமாக எழுத. மாற்றி எடுத்துப் போகாமல் இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு வருகிறேன்.

உன் அப்புச்சி
நல்லான்


அவிநாசிபாளையம்
3-11-2024

கண்ணு பிரியங்கா,

அப்புச்சி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. பார்த்துவிட்டேனே.

சதீஷ்குமார் சார் இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கிட்டத்தட்ட சேருதுங்க. ஆனா இது போட்ட கையெழுத்து இல்ல பெரியவரே, வரைஞ்ச கையெழுத்து. பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கறீங்க" என்றார். என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போட்டேன் என்கிறார். பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். பல்லடத்தில் இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

பண்டிகை என்று பத்து நிமிடம் உன்னைப் பார்க்க விட்டார்கள். நடுவில் மருதம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததால் நான் கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை. "எளச்சுப் போயிட்டயே கண்ணு" என்றேன். "ஓடி ஓடி வேலை செய்யறமல்லங்க அப்புச்சி" என்று சொல்லிவிட்டு நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ஆறு முறை இருமத் திரும்பினாய். ஆறாவது முறை சுவரைப் பிடித்துக்கொண்டாய். "பஞ்சுக்குப் பழகோணுமுங்க. ஆறு மாசம் ஆனாச் செரியாயிரும்" என்று மருதம்மாள் என்னிடம் சொன்னார். "எட்டு மாசம் ஆச்சுங்களே" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மாத்திரை தருகிறார்கள் என்றாய். என்ன மாத்திரை, பெயர் எழுது. நான் படித்துக்கொள்வேன்.

அப்புச்சி
நல்லான்


மில் விடுதி
24-11-2024

மதிப்பிற்குரிய தாத்தா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நிர்வாகம் எங்களை நல்ல முறையில் கவனித்துக்கொள்கிறது. உணவு, தங்குமிடம், மருத்துவம் அனைத்தும் சிறப்பாக உள்ளன. தாங்கள் இந்த வயதில் அடிக்கடி வந்து அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகள் முடிந்ததும் நானே வந்துவிடுவேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்படிக்கு,
பிரியங்கா


அவிநாசிபாளையம்
15-12-2024

அன்புக் கண்ணுக்கு,

உன் அப்புச்சி எழுதுவது. அப்புச்சி என்றுதான் நீ கூப்பிடுவாய். எனக்கு அது நினைவிருக்கிறது. ஆடுகள் இரண்டும் சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சங்க ஆபீஸில் கேட்டு, உன் பாரத்தின் நகலை வாங்கினேன். மூன்று பக்கம். தினம் ஒரு பக்கமாகப் படித்தேன். முதல் நாள் எனக்கு ஒரே சந்தோஷம். 'பாதுகாவலர்' என்ற பெரிய வார்த்தையைத் தடுமாறாமல் படித்தேன். அது நான்தான் என்று டீச்சர் சொன்னார். இரண்டாம் நாள் 'மூன்று ஆண்டுகள்' வந்தது. மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. விடுமுறைக்குப் போக வேண்டுமானால் பாதுகாவலரின் மாதிரிக் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும். மருத்துவத்துக்கு வெளியே அழைத்துப் போக அதே கையெழுத்து. வேலையிலிருந்து நிற்கவும் அதே கையெழுத்து. உள்ளே அனுப்ப ஒரு கையெழுத்து, வெளியே எடுக்கவும் அதே. அது இப்போது என்னிடம் இல்லை.

இதை எல்லாம் அன்று மேடையில் யாரும் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என் பெயரை எழுதுகிற குஷியில் இருந்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது என் தப்பு கண்ணு. வேறு யார் தப்பும் இல்லை.

தரணீதரன் வீட்டுக்குப் போனேன். அவர் குடிக்கிற மாதிரியே எனக்கும் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்துகொண்டு எப்படிச் சண்டை போடுவது? நின்றுகொண்டே சொன்னேன்.

"இருமறாளுங்க சாமி. சங்கத்துல ஒரு வார்த்தை சொன்னா வுட்டுருவாங்க."

"பனி காலமுங்க நல்லான். என்ற ஊட்லயும் எல்லாரும் இருமறாங்க."

"அவ சுவத்தப் புடிச்சுட்டு இருமறாளுங்க."

அவர் ஒரு அச்சுத்தாளைக் காட்டினார். விழா மலராம். நானே படித்தேன். 'பதினான்கு பெண்களுக்கு வேலை. இன்று வரை ஒருவர்கூட விலகவில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பதினான்கு பெயர். ஒன்பதாவது நீ.

"மலரு அச்சுக்குப் போயிருச்சுங்க. மில் மேனேஜருதான் சிறப்பு விருந்தாளி. இதப் பாத்துத்தான் அடுத்த வருசம் இன்னம் நாப்பது பேருக்குக் கேட்டிருக்கறோம். விழா முடியட்டும், நானே அவருகிட்டச் சொல்றனுங்க" என்றார். எழுந்து வந்து வாசல் வரை என்னோடு நடந்தார். அவர் அப்பா ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

பிப்ரவரி வரை பொறுத்துக்கொள். முடியுமா?

அப்புச்சி
நல்லான்


மில் விடுதி
12-1-2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

நான் நலம். போன கடிதத்தில் ஆடுகளைக் கேட்க விட்டுப்போனது. மன்னியுங்கள்.

பொங்கலுக்கு நாங்கள் இங்கேதான். கோலப்போட்டி உண்டு. கட்டில் மெத்தை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகிவிட்டேன். அது எனக்கு வசதியாக இருக்கிறது. வினிதாவுக்கு வேறு அறை கொடுத்துவிட்டார்கள். மூன்று மாடி ஏற இப்போது நான்கு இடத்தில் நின்றால் போதும்.

பொறுத்துக்கொள்கிறேன் அப்புச்சி.

விழாவில் எங்கள் பெயரைப் படிப்பார்களா? என் பெயர் வரும்போது நீங்கள் கைதட்டுங்கள்.

பிரியங்கா


மில் வாசல்
18-2-2025

அன்புக் கண்ணுக்கு,

அப்புச்சி எழுதுவது. நான் இங்கேதான் இருக்கிறேன். வாட்ச்மேன் அறைப் பெஞ்சில். விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாதாம். அதனால் இந்தத் தாளை மேலே கொடுத்தனுப்புகிறேன். விழா பற்றிய பாதியை நேற்று வீட்டில் எழுதினேன். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் வருகிறது.

இதையும் மருதம்மாள் படித்துவிட்டுத்தான் தருவார். படிக்கட்டும். அம்மா, உங்களுக்கும் வணக்கம். நிறுத்தாமல் கடைசி வரை படித்துவிட்டுப் பேத்தியிடம் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. மேடைக்குப் பின்னால் 'கைநாட்டு இல்லாத ஊர்' என்று பானர் கட்டியிருந்தார்கள். நட்ட மரக்கன்று, கண் சிகிச்சை முகாம், எல்லாவற்றையும் படித்தார்கள். எல்லாம் உண்மைதான். என் கண்ணாடியே அந்த முகாமில் வாங்கியதுதான். பிறகு பதினான்கு பெயர். ஒன்பதாவது வந்தபோது கைதட்டினேன். சொன்னபடி செய்துவிட்டேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். போர்டில் என் பெயரையும் ஊரையும் எழுதினேன். மண்டபமே தட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்து ஆறு பேரை மேடை ஏற்றினார்கள். புதிதாக மில்லுக்குப் போகிற பெண்களின் வீட்டார். என்னைப் போலவே இப்போதுதான் பெயர் எழுதக் கற்றவர்கள். ஆளுக்கு ஒரு பாரமும் புதுப் பேனாவும். தரணீதரன் மைக்கை என்னிடம் தந்து, "புதுசா எழுதறவீங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க நல்லான்" என்றார்.

நான் பேசத் தயார் செய்திருந்தது வேறு. சங்கத்துக்கு நன்றி என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரே அந்த ஆறு பேரில் ஒருத்தியான ராமாத்தாள் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி பாரத்தின் மேல் குனிந்திருந்தாள். அந்தக் குஷி எனக்குத் தெரியும்.

"நீங்க எல்லாரும் என்னையவிட நல்லா எழுதோணுமுங்க. அதனாலதான் சொல்றேன். இந்தப் பாரத்துல மட்டும் கைநாட்டு வைங்க" என்றேன்.

சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள். தரணீதரன் மைக்குக்குக் கை நீட்டினார். முன்வரிசையில் இருந்த மேனேஜர், "ஏனுங்க பெரியவரே, எழுதத் தெரிஞ்சும் கைநாட்டுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

"போன வருசம் இதே மேடைல, இந்த மாதிரிப் பாரத்துலதானுங்க மொதக் கையெழுத்துப் போட்டேன். இப்ப எங் கையெழுத்து நல்லாயிருச்சுங்க. அதனால சேரலைன்னு எம் பேத்திய வுடமாட்டேங்கறாங்க. அவ இருமிட்டு இருக்கறாளுங்க. எழுதப் பழகப் பழக எழுத்து மாறுமுங்க. ரேகை மாறாது. ரேசன் கடை மெசினுக்குத்தான் எங்க தேஞ்ச ரேகை ஆகாது. மையில ஒத்துனா ஆகுமுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ராமாத்தாள் நிமிர்ந்து, "மை எங்கீங்க?" என்றாள். கைநாட்டு இல்லாத ஊர் விழாவில் மைப்பெட்டி எப்படி இருக்கும்? அவள் கொஞ்சம் பார்த்தாள். பிறகு கொடுத்த புதுப் பேனாவையே கட்டைவிரலில் இப்படியும் அப்படியும் தேய்த்து, பாரத்தில் அழுத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தேய்த்தார்கள். மற்ற இரண்டு பேர், வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்தார். இந்த முறை யாரையும் இன்னொரு முறை வைக்கச் சொல்லவில்லை.

மேனேஜர் எழுந்து மைக்கில், "ஆபீஸ்ல சின்ன மிஸ்டேக் ஆயிருக்குதுங்க. செவ்வாக்கெழமை வந்து கூட்டிட்டுப் போங்க பெரியவரே" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தரணீதரன் என்னைத் திட்டவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று, "பதினாலு இனிப் பதிமூணுங்களா" என்றார். பிறகு, "ஏனுங்க நல்லான், உங்களுக்கு நாங்க என்ன கொற வெச்சோம்?" என்று கேட்டார். "ஒரு கொறையும் இல்லீங்க சாமி. பேத்தி மட்டும் பக்கத்துல இல்லீங்க" என்றேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். கூடம் பூட்டியிருந்தது. அனுப்பிரியா டீச்சர் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் வந்தோம்.

இது இன்று எழுதுவது. சதீஷ்குமார் சார் ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார். எப்படிப் போட வேண்டும், பழைய மாதிரியா புது மாதிரியா என்று கேட்டேன். "எப்படி வேணாப் போடுங்க" என்றார். ஒரு வருடம் கழித்து எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்கிறார்கள்.

நான் போடவில்லை. முதலில் படித்தேன். இரண்டு பக்கம். விரல் வைத்துப் படித்தேன். அவர் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில், 'பணியாளர் நல்ல உடல்நிலையில் பாதுகாவலரிடம் ஒப்படைக்கப்பட்டார்' என்று இருந்தது.

"இந்த வரிய அடிச்சுக் குடுங்க சார்."

"அது எல்லாத்துக்கும் போடறதுங்க பெரியவரே. அச்சுல இருக்கறது."

"அப்ப நான் பக்கத்துல எழுதிக்கறேன்."

அவர் போனை எடுத்து மேனேஜரிடம் பேசினார். பேசி முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன். 'பேத்தி நான்கு இடத்தில் நின்றுதான் மாடி ஏறுகிறாள். இருமல் எட்டு மாதமாக இருக்கிறது. இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். நல்லான்.' நகல் கேட்டேன். முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். சட்டைப்பையில் இருக்கிறது.

மேலே ஜன்னல்களைப் பார்க்கிறேன். இந்த முறை பார்க்கிறேன். நிறையப் பெண்கள் நிற்கிறார்கள். எல்லோரும் கை காட்டுகிறார்கள். அதில் நீ யார் என்று இங்கிருந்து தெரியவில்லை. எல்லோருக்கும் நானும் காட்டினேன். வினிதாவிடம் அவள் வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு வா.

கண்ணு, ஓடி வராதே. பையை வாட்ச்மேன் தூக்கி வருவார், சொல்லியிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கு. நான்கு இடத்தில் நிற்க வேண்டுமானால் நில். எட்டு இடத்தில் நிற்க வேண்டுமானாலும் நில். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். நான் கேட்டுக்கு உள்பக்கம் வந்து நிற்கிறேன்.

அப்புச்சி
நல்லான்